வெள்ளைச் சட்டைப் பூச்சி

அண்ணாச்சி, அந்தப் பலாப்பழத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். பழத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. நல்ல பழம், பஸ் ஏறியதிலிருந்து வாசம் ஆளைத் தூக்குகிறது. ஆனால் டிரைவர் ஒரு பிரேக் போட்டால் அது உருண்டு நேராக என் மடிக்குத்தான் வரும். என் மடியில் இந்த டப்பா இருக்கிறது.

ஊறுகாய் இல்லை. ஊறுகாய் டப்பாவுக்கு யாராவது மூடியைக் கழற்றிவிட்டுத் துணி கட்டுவார்களா? மூச்சு விடுவதற்காகக் கட்டியிருக்கிறது. உள்ளே உயிர் இருக்கிறது. ஏன் எழுந்து நிற்கிறீர்கள்? பாம்பும் இல்லை, தேளும் இல்லை. வண்டு. பொறிவண்டு. மிளகளவுதான் இருக்கும், தலை மட்டும் ஆரஞ்சு. மனிதரைக் கடிக்காது. அது கடிக்கிற ஆள் வேறே. உட்காருங்கள், சொல்கிறேன். மில் காலனி வர இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கும் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். மத்தியானத்திலிருந்து சிரிப்பாக வருகிறது. கோபமும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்தான் அகப்படுவார்.

என் பேர் பூதலிங்கம். போராட்டம் பூதலிங்கம் என்றால் இந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. தெரியவில்லையா? நீங்கள் வெளியூர், போகட்டும். நான் பேசுவது கொஞ்சம் மேடைத் தமிழாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நூல் மில்லில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரை. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில். மில் வாசலில் கொடுப்பார்களே, சிவப்பு மையில் ஒரு பக்கம், வாங்கினவர்கள் எல்லாம் அதில் வடையை மடித்துக்கொண்டு போவார்கள். நான் வடையை வெறுங்கையில் தின்றுவிட்டுத் தாளை வாசித்தேன். பிறகு நானே எழுதினேன். உலகத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம் அண்ணாச்சி. இரண்டாவது பக்கம் தேவைப்படுகிறது என்றால் எழுதுகிறவனுக்குத் தெளிவு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். சிவப்புக் கொய்யா. அந்தக் காலத்தில் மில்லைப் பூட்டினார்கள் பாருங்கள், அப்போது எங்கள் சங்க அலுவலகத்துக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கூட்டம் நடத்த இடம் இல்லை. அந்த மரத்தடியில்தான் நடத்தினோம். கிளையில் கொடி கட்டி, வேரில் நான் ஏறி நின்று பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும், மைக் வேண்டாம். இன்றைக்கு மில் இல்லை, இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. சங்கம் இல்லை. கொடியை எலி தின்றுவிட்டது. மிச்சம் அந்த மரம்தான். சாயங்காலம் அதன் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், கேட்க ஆள் இல்லாவிட்டாலும் எனக்குப் பேச்சு வரும். என் வீட்டுக்காரி வள்ளிமயில் சொல்லுவாள், "அது எங்கேயும் எந்திரிச்சுப் போக முடியாது. அதான் நின்னு கேக்கு" என்று.

அந்த மரத்துக்குப் பங்குனியில் சீக்கு வந்தது.

இலைக்கு அடியில், காம்பில், பிஞ்சு பிடிக்கிற இடத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக. கோலமாவைக் கையில் எடுத்து ஊதிவிட்ட மாதிரி. இலை எல்லாம் பிசுபிசுப்பு, அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரி. வள்ளி பார்த்துவிட்டு, "மாவுப்பூச்சி வந்திருக்குங்க, யாராவது தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க" என்றாள். யாரிடம் கேட்பது? நான் யாரிடமும் கேட்டுப் பழகியவன் இல்லை. பொடி எழுத்து வாசிப்பதற்கு ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன்.

அண்ணாச்சி, நீங்கள் ஒரு தடவையாவது அதைப் பார்க்க வேண்டும். ஒரு கிளை என்றால் ஒரு ஊர். முழு ஊரே அங்கே இருக்கிறது. நான் ஒரு முழு நாள் பார்த்தேன், சாப்பிடக்கூட இறங்கவில்லை. பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு உண்மை விளங்கியது. நாம் பூச்சி என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லுகிறோம். அது தப்பு. அதில் மூன்று வகுப்பு இருக்கிறது.

முதலில் எறும்பு. வேரிலிருந்து உச்சிக் கிளை வரைக்கும் சாரை சாரையாக ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு நிமிஷம் ஓய்வு கிடையாது. அது யார்? உழைப்பாளி. அதில் சந்தேகம் உண்டா? இரண்டாவது, அந்தச் சின்ன வெள்ளைப் பூச்சி. ஒன்றன் மேல் ஒன்று ஒண்டிக்கொண்டு, நகர இடம் இல்லாமல், பாவம், புறம்போக்கில் குடிசை போட்டது மாதிரி. எறும்பு போய் அதை மெல்லத் தட்டிக்கொடுக்கிறது. வேண்டுமானால் வாயில் தூக்கிக்கொண்டு போய் வேறு இலையில் குடி வைக்கிறது. ஏழைக்கு ஏழை துணை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக.

மூன்றாவதுதான் வில்லங்கம். இந்தக் குடிசைகளுக்கு நடுவில் ஒன்று நடமாடும். அதுவும் வெள்ளைதான், ஆனால் இதைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு. உடம்பைச் சுற்றிக் குஞ்சம் குஞ்சமாக வெள்ளை நூல் தொங்கும், சரிகை வேட்டி கட்டின மாதிரி. கொழுத்த உடம்பு. மற்றது எல்லாம் உட்கார்ந்த இடத்தில் கிடக்கும்போது இது மட்டும் இங்கேயும் அங்கேயும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு போகும். ஒரு கிளைக்கு ஒன்றோ இரண்டோதான். ஆனால் அது வந்தால் சின்னது எல்லாம் நடுங்கும். நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கஷ்டப்படுகிறவர்களுக்கு நடுவில் உலாத்துகிறவன் எவனும் நல்லவன் இல்லை. இது என் ஆயுள் அனுபவம். மரத்தைக் கெடுப்பது அதுதான். சின்னதை எல்லாம் அதுதான் கொண்டுவந்து குடி வைத்துக் கசக்கிப் பிழிகிறது.

ஒரு பழைய பல் பிரஷ் எடுத்தேன். பெரியதை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி நசுக்கினேன். எறும்பைத் தொடவில்லை. சின்னதைத் தொடவில்லை. கொள்கை என்றால் கொள்கை.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாசானம் எட்டிப் பார்த்தான்.

மாசானம் யார் என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீடு. ஒரே நாளில் மில்லில் சேர்ந்தோம். சங்கத்தில் நான் செயலாளர், அவன் துணைச் செயலாளர். பூட்டின மில்லைத் திறக்க வைக்க நாங்கள் போராடிக்கொண்டிருந்தபோது, இவன் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் பின்வாசல் வழியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தான். யாரைக் கேட்டான்? யாரையும் கேட்கவில்லை. பேசி என்ன வாங்கினான்? பெரிதாக ஒன்றும் இல்லை. மில் திறந்தது. காலனி வீடுகளை எல்லாம் குடியிருந்தவர்கள் பேருக்கே எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஆமாம், நான் இருக்கிற வீடும் அதில்தான் வந்தது. அதற்காக? நடைமுறை என்று ஒன்று இல்லையா? நான்தான் தீர்மானம் கொண்டுவந்தேன். கருங்காலி மாசானம் சங்கத்தைவிட்டு நீக்கப்படுகிறான், இனிமேல் யாரும் அவனைத் தோழர் என்று அழைக்கக் கூடாது. ஏகமனதாக நிறைவேறியது. அவன்கூடக் கையைத் தூக்கினான் என்று சிலர் சொல்லுவார்கள். நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. சங்கமே இல்லாமல் போன பிறகும் தீர்மானம் இருக்கிறது பாருங்கள். ரத்து செய்ய செயற்குழு வேண்டும், செயற்குழுவுக்கு ஆள் வேண்டும். அவன் ஏதாவது சொன்னால் நான் வள்ளியைப் பார்த்துப் பதில் சொல்லுவேன். அது ஒரு ஏற்பாடு. வள்ளி மட்டும் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கொய்யா பழுத்தால் முதல் பழம் சுவர் தாண்டிப் போகும். அவன் பெண்டாட்டி தவறிப்போனதிலிருந்து குழம்பும் போகிறது.

அன்றைக்கு அவன் சுவரில் தாடையை வைத்துக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா? "வே, அந்தப் பெருசக் கொல்லாதீரும். அது நல்ல பூச்சி. அது மத்ததைத் திங்குதுல்லா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் வள்ளியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன், "வள்ளி, கேட்டியா? மத்ததைத் திங்குதாம். அதைத்தான் நானும் காலையிலிருந்து சொல்லுதேன். ஏழையைத் திங்குறது சிலருக்கு நல்ல குணமாத் தெரியுது."

"வே, நான் சொல்லுறது வேற," என்றான்.

"சிலர் எப்பவுமே சொல்லுறது வேற, செய்யுறது வேற," என்றேன், வள்ளியைப் பார்த்து.

வள்ளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்னைப் பாத்து ரெண்டு பேரும் கத்தாதீங்க," என்றாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு. நீங்க ரெண்டு பேரும்தான் கேக்கிறதில்ல."

அதற்குப் பிறகு நான் பெரியதைக் கண்டால் விடவில்லை. முன்னாலாவது கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவன் காப்பாற்றச் சொன்னான் என்றால் அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நான் ஒன்றை அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. அன்றைக்கே ஒரு துண்டறிக்கை எழுதினேன். தலைப்பு, 'நம் மரங்களின் எதிரி யார்? நண்பன் யார்?' பெரிய பூச்சியை நானே படம் போட்டேன். படத்தில் அதற்கு ஒரு வேட்டியும் கட்டிவிட்டேன், விளங்க வேண்டும் என்பதற்காக. ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு கதவு இடுக்கில் செருகினேன். எத்தனை வருஷம் கழித்து, நினைத்துப் பாருங்கள். கை தானாக ஓடுகிறது. முழங்கால் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள், இயக்கம் பற்றிக்கொண்டது. எங்கள் காலனியில் பப்பாளி, செம்பருத்தி, சீத்தா இல்லாத வீடு கிடையாது, எல்லாவற்றிலும் வெள்ளை. லீவு விட்ட பிள்ளைகள் எல்லாம் பழைய பிரஷைத் தூக்கிக்கொண்டு, 'வெள்ளையனே வெளியேறு' என்று கத்திக்கொண்டு, மரம் மரமாக ஏறின. பெரியது ஒன்று அகப்பட்டால் போதும், காலனியே கைதட்டும். ரிட்டயர்டு ஃபோர்மேன் ஒருத்தர், என்னோடு ஆயுளுக்கும் சண்டை போட்டவர், என்னைத் தேடி வந்து, "பூதலிங்கம், எங்க வீட்டுச் செம்பருத்தியில நாலு முதலாளியைப் பிடிச்சேன்" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். சாயங்காலம் மரத்தடியில் நாற்காலி போதவில்லை. வள்ளி கடுங்காபி போட்டுக்கொடுத்து ஓய்ந்துவிட்டாள். எனக்கு இருபது வயது குறைந்துவிட்டது. மாசானம் மட்டும் வீட்டுக்கு வீடு போய், பெரியதைக் கொல்லாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கருங்காலி வேலை. யார் கேட்பார்கள்? பிள்ளைகள் அவன் சட்டையைப் பார்த்து அவனையே வெளியேறச் சொல்லிக் கத்தின. நான் கண்டிக்கவில்லை. பிள்ளைகளின் உணர்வை மதிக்க வேண்டும்.

பெரிய பூச்சி ஒன்றுகூட மிச்சம் இல்லை. முழு வெற்றி.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். சித்திரை பிறந்தது, பப்பாளி எல்லாம் படுத்தது. செம்பருத்தி முறுக்கிக்கொண்டது. சீத்தாப்பழத்தைக் கையில் எடுத்தால் மாவு மில்லில் வேலை பார்த்த கை மாதிரி ஆகிவிடுகிறது. துணி காயப்போட முடியவில்லை, ஒட்டுகிறது. என் கொய்யா மரம் இருக்கிறதே, அதில் பச்சை என்று சொல்ல ஒரு இலை இல்லை. பெரியதைக் கொன்றால் சின்னது விடுதலை அடைந்து போய்விடும் என்றுதான் நான் எழுதியிருந்தேன். விடுதலை அடைந்தது. போகவில்லை.

நாற்காலியில் வந்து உட்கார்ந்து காபி குடித்தவர்கள் எல்லாம் இப்போது சுவருக்கு வெளியே நின்று, "எல்லாம் இந்த மரத்துலேர்ந்துதான் வந்துச்சு" என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். மாசானம்தான் தலைவர். ஃபோர்மேன் எழுந்து, கொய்யா மரத்தை வெட்டி எரிக்க வேண்டும் என்றார். என்னைக் கட்டிப்பிடித்த அதே ஃபோர்மேன். நான் பேச எழுந்தேன். அண்ணாச்சி, இந்த வட்டாரத்தில் நான் எழுந்தால் கூட்டம் அமைதியாகும், அது சரித்திரம். அன்றைக்கு ஒரு பொம்பளை, "உக்காருங்க தாத்தா, நீங்க சொல்லித்தான் நாங்க கெட்டோம்" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். கால் வலித்தது, அதனால் உட்கார்ந்தேன்.

எல்லோரும் கையைத் தூக்கப் போகிற நேரத்தில் மாசானம், "ஒரு வாரம் கொடுப்போம். அடுத்த ஞாயிறு முடிவு பண்ணலாம்" என்று ஒத்திவைத்தான். எனக்குத் தெரியும் அவன் தந்திரம். உடனே வெட்டினால் வலி ஒரு நாள்தான். ஒரு வாரம் கத்தியைக் காட்டிக்கொண்டே இருந்தால் ஏழு நாளும் வலி. அந்த ஏழாவது நாள் நாளைக்கு.

அந்த வாரம் முழுக்க நான் மரத்தடியில் பேசவில்லை. வள்ளிகூட, "ஏதாவது பேசுங்க, வீடு வீடா இல்ல" என்றாள்.

கடைசியில் இன்றைக்குக் காலையில் வைராக்கியம் வந்தது. டவுனில் அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. விஞ்ஞானத்தின் சாட்சியை வாங்கிக்கொண்டு வந்து நாளைக் கூட்டத்தில் இவர்கள் முகத்தில் வீசுவது என்று முடிவெடுத்தேன். ஒரு கொப்பை ஒடித்துப் பையில் போட்டேன். கொன்ற பெரிய பூச்சிகளில் சிலதைத் தீப்பெட்டியில் காய வைத்து வைத்திருந்தேன், வெற்றிச் சின்னம் மாதிரி. அதையும் எடுத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு மேடம். பூச்சிப் பிரிவு. நல்ல பிள்ளை, டீ எல்லாம் கொடுத்தாள். கொப்பைப் பார்த்து, "மாவுப்பூச்சி, சாறு உறிஞ்சுறது. இதான் உங்க மரத்தைக் கெடுக்குது" என்றாள். நான் சிரித்துக்கொண்டே தீப்பெட்டியைத் திறந்து வைத்தேன். "இதைப் பாருங்க மேடம். அசல் குற்றவாளி."

அவள் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "இதை யாரு கொன்னது?" என்றாள்.

"நான்தான்," என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். "நான் மட்டும் இல்ல, எங்க காலனி ஜனங்க எல்லாரும். என் தலைமையில."

"ஐயா, இது பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சியைத் திங்குறதே இதான். கண்டுபிடிக்கக் கூடாதுன்னு அதே மாதிரி வெள்ளை வேஷம் போட்டுக்கிட்டு உள்ள போய்த் திங்கும். நாங்க இதைத்தான் வளர்த்து எல்லாருக்கும் கொடுக்கோம். உங்களுக்குச் சும்மாவே வந்திருக்கு."

நான் விடவில்லை. எறும்பைப் பற்றிச் சொன்னேன், அதன் உழைப்பைப் பற்றிச் சொன்னேன், தட்டிக்கொடுப்பதைச் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள். தோள் குலுங்குகிறது. "ஐயா, எறும்பு அதுக்குக் காவல். அந்தப் பூச்சி விடுற இனிப்புத் தண்ணியை வாங்கிக் குடிச்சிட்டு, பொறிவண்டு வந்தா விரட்டிவிடும்," என்றாள். சிரிக்கக் கூடாது என்று பார்க்கிறாள், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எறும்புக்குக் கூலி பேசியிருக்கிறது அண்ணாச்சி. நான் உழைப்பாளி உழைப்பாளி என்று கும்பிட்டது முழுக்கக் கம்பெனி ஆள். கங்காணி. எவ்வளவு பெரிய மோசடி. இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதாமல் விடமாட்டேன்.

உண்மையை ஒப்புக்கொள்ள நான் தயங்குகிறவன் இல்லை. பூச்சி விஷயத்தில் எனக்குத் தகவல் பிழை ஏற்பட்டிருந்தது. மாசானம் சொன்னது அதுதானே என்கிறீர்களா? அவன் என்ன சொன்னான், 'நல்ல பூச்சி' என்றான். நல்ல பூச்சி என்றால் அது ஒரு விளக்கமா? பொறிவண்டு என்று சொன்னானா? புழு என்று சொன்னானா? காரணம் சொல்லாமல் முடிவைச் சொல்லுவது அவன் பழைய பழக்கம். பங்களாவுக்குப் போனபோதும் அப்படித்தான்.

"வண்டு வேணும்," என்றேன். "முன்னாடியே சொல்லி வைக்கணும் ஐயா, இன்னிக்கு உள்ளது எல்லாம் ஆளுக்குப் பேசினது. கவுண்டர்ல கேட்டுப் பாருங்க" என்றாள்.

கவுண்டரில் ஒரே கூட்டம். ஒரு பையன் இதே மாதிரி டப்பாக்களை அடுக்கி வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுகிறான். நான் ஓரமாக நிற்கிறேன். எல்லாம் தீர்ந்து ஒரு டப்பா மிச்சம். அவன் கூப்பிடுகிறான், "மில் காலனி மாசானம். மில் காலனி மாசானம் யாருங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாசானம் வரலியா? வரலேன்னா இது அடுத்த ஆளுக்கு." ஒரு மீசைக்காரர், மாதுளைத் தோட்டக்காரராம், டப்பாவுக்குக் கையை நீட்டிவிட்டார். கை டப்பாவைத் தொடப் போகிறது. நான் என்ன செய்வது, சொல்லுங்கள். நாளைக்கு மரத்துக்குக் கோடாலி. என் ஆயுளில் நான் எத்தனையோ போலீஸ் ஸ்டேஷனில் பேர் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட வேறு பேர் சொன்னதில்லை. வாய் திறந்தது. "நான்தான் மாசானம்."

அண்ணாச்சி, சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

அந்தப் பையன் டப்பாவைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தானா? "போன்ல பேசிப் பணம் அனுப்பினது நீங்கதானா? பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்துக்குன்னு கேட்டிருந்தீங்கல்லா?" என்றான்.

"பக்கத்து வீட்டு மரத்துக்கா?" என்றேன்.

"ஆமா, நீங்கதானே சொன்னீங்க. அந்த வீட்டு ஆளு ரொம்ப முரடு, கேட்டா விடமாட்டாரு, இருட்டினதும் சுவரேறித்தான் விடணும்னு. சுவரு ஏற உங்களுக்கு முடியுமா தாத்தா? வயசாயிருக்கே."

அத்தனை பேர் பார்க்கிறார்கள். நான் மாசானம். மாசானமாக நின்று பூதலிங்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். "முரடுதான்," என்றேன். "ஆனா கொள்கைக்காரர். கறை படியாத ஆளு. அவரு மாதிரி ஒருத்தர் இந்த வட்டாரத்துல கிடையாது."

"நீங்க அப்படிச் சொல்லலியே," என்றான் அந்தப் பையன். "பிடிவாதக்காரக் கழுதை, ஆனா அந்த மரம் போச்சுன்னா அந்தாளும் போயிருவான், அதனால எப்படியாவது குடுங்கன்னுல்லா கேட்டீங்க."

நான் டப்பாவோடு வெளியே வந்துவிட்டேன்.

இதில் எனக்கு வந்த கோபம் என்ன தெரியுமா? என் மரத்துக்கு வண்டு விட இவன் யார்? பொதுக்குழுவைக் கூட்டினானா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா? அதே பின்வாசல் புத்தி. அன்றைக்குப் பங்களாவுக்குப் பின்வாசல், இன்றைக்கு என் வீட்டுக்குப் பின்சுவர். ஆள் மாறவே இல்லை. கழுதை என்கிறான். சொந்தப் பணம் போட்டு வண்டு வாங்கித் திருட்டுத்தனமாக நல்லது செய்கிற ஆளை என்ன செய்வது? எந்தத் துண்டறிக்கையிலும் இதற்கு வழி போட்டிருக்கவில்லை.

இன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் விட வேண்டும். அதற்கு முன்னால் அடிமரத்தைச் சுற்றிக் கிரீஸ் தடவ வேண்டுமாம், எறும்பு ஏறாமல். மறியல் மாதிரி. கம்பெனி ஆட்களுக்கு எதிராக மறியல் என்றால் எனக்குச் சம்மதம்தான். ஒரு மாதம் பொறுத்தால் பச்சை திரும்பும் என்றாள் மேடம். அந்த ஒரு மாதத்தை நாளைக்குக் கூட்டத்தில் யார் வாங்குவது? நான் எழுந்தால் உட்காரச் சொல்லுகிறார்கள். அவன் சொன்னால் கேட்பார்கள். ஜனங்களுடைய அரசியல் அறிவு அந்த அளவில் இருக்கிறது. ஆனால் நான் போய் அவனிடம் கேட்க மாட்டேன். தீர்மானம் இருக்கிறது. வள்ளி கேட்பாள், அது வேறு.

மில் காலனி வந்துவிட்டதா? அந்த வளைவு திரும்பினால் ஸ்டாப். கல்யாண மண்டபம் தெரிகிறதே, அதற்கு எதிரே.

அண்ணாச்சி. அண்ணாச்சி, அந்த எதிர்ப் பக்கத்து ஸ்டாப்பில் பாருங்கள். குடை பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை. அவன்தான். மாசானம். டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறான். அந்தப் பையன் டப்பா தயார் என்று மெசேஜ் போட்டிருப்பான், இவன் இப்போதுதான் பார்த்திருப்பான். இந்த வெயிலில் போகிறான் பாருங்கள், என் மரத்துக்கு வண்டு வாங்க. போகட்டும். போய் அலையட்டும். அங்கே போனால், மாசானம் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாரே என்பார்கள்.

ஐயையோ.

எந்த மாசானம் என்று கேட்பான். எப்படி இருந்தார் என்று கேட்பான். கறை படியாத ஆளு என்று சொன்னாரே, அதையும் சொல்லுவார்கள். காலனி முழுக்கப் பரவிவிடும். பூதலிங்கம் மாசானமாகிவிட்டான் என்று. இவனை இப்போதே நிறுத்த வேண்டும். என் போனில் அவன் நம்பர் கிடையாது, வள்ளி போனில்தான் இருக்கிறது. அந்த ஜன்னலைத் தள்ளுங்க அண்ணாச்சி. இறுகிக் கிடக்கு, ஓங்கித் தள்ளுங்க. வே. வே, இங்க. திரும்புறானா பாருங்க, காது கேக்காது அந்தாளுக்கு. மில்லுச் சத்தத்துல போன காது. டவுன் பஸ்ஸு வந்துட்டு, ஏறப் போறான். ஏய் வெள்ளைச் சட்டை. திரும்ப மாட்டேங்கான்.

அவசரக் காலத்துல செயலாளர் தனியா முடிவெடுக்கலாம்னு ஒரு விதி இருக்கு. அந்த விதியும் நான் எழுதினதுதான். நீங்க காதைப் பொத்திக்கிடுங்க, என் சத்தம் பெருசா இருக்கும்.

தோழர். தோழர் மாசானம்.

திரும்பிட்டான். பாருங்க, படியில வச்ச காலை எடுத்துட்டான். யாரு கூப்பிட்டதுன்னு தேடுதான். குடையைக் கீழ போட்டுட்டான், எடுக்கக்கூடத் தோணல. பஸ்ஸு போயிட்டு, இவன் நிக்கான்.

கண்டக்டர், ஆளிறங்கணும், விசில் அடிக்காதீரும். அண்ணாச்சி, பழத்தைத் தூக்குங்க, வழி விடுங்க, டப்பா டப்பா, பாத்து. சமாதானம் ஒண்ணும் இல்ல, நீங்க தப்பா நினைக்காதீங்க. கிரீஸ் தடவ ஒரு ஆளு குனியணும், எனக்கு முழங்கால் மடங்காது. பொறவு அந்தச் சுவரு விஷயத்தைச் சொல்லணும். ஏற வேண்டாம், வாசல் வழியா வான்னு. இந்த வயசுல ஏறி விழுந்து தொலைச்சா, அதுக்கும் ஊரு என்னைத்தான் சொல்லும்.